கந்தூரி கூட்டத்துல குழந்தை கை நழுவிட்டா என்ன செய்யணும்? வீட்டிலேயே சொல்லித்தர வேண்டிய பாடங்கள் இதோ!

நாகூர் தர்கா கந்தூரி என்றால் மத வித்தியாசம் பார்க்காமல் டெல்டா மாவட்டங்களில் இருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வருவார்கள். கொடியேற்றத்தில் தொடங்கி 14 நாட்கள் நடக்கும் விழா இது. நாகப்பட்டினத்தில் இருந்து சந்தனக்கூடு வந்து சேரும் இரவில் நாகூர் தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெரிசலில் மூணு வயசுப் பிள்ளையின் கை நழுவ ஒரு நொடி போதும். அப்போது உதவப்போவது, அதுவரை வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்பதுதான். விரிவாகப் பார்க்கலாம்.

அம்மா பேரு என்ன?

உங்கள் குழந்தையிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். "அம்மா பேரு அம்மாதான்" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது உறவு முறை என்றே தெரியாது, பெயர் என்றுதான் நினைத்திருக்கும். நாகூரில் ஒரு குழந்தை "வாப்பா, வாப்பா" என்று அழுகிறது என மைக்கில் சொன்னால், எத்தனை வாப்பாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள்? அதனால் தன் முழுப்பெயர், அம்மா, அப்பா பெயர், ஊர்ப்பெயர் இந்த நான்கும் குழந்தைக்கு வாயில் வர வேண்டும். செல்போன் எண்ணை சோறு ஊட்டும்போது ராகம் போட்டுச் சொல்லிக் கொடுங்கள். பாட்டு மாதிரி மனசுல பதிஞ்சிடும்.

போலீஸ்ல புடிச்சுக் கொடுத்துடுவேன்னு சொல்றீங்களா?

சாப்பிடாத பிள்ளையை மிரட்ட நம்மில் பலரும் சொல்வது இது. ஆனால் கூட்டத்தில் தொலைந்த குழந்தைக்கு முதலில் கண்ணில் படும் உதவி காக்கிச் சட்டைதான். போலீஸ் என்றாலே பயந்த பிள்ளை ஓடி ஒளியும். "நீ தொலைஞ்சு போனா போலீஸ் மாமா உன்னை எங்ககிட்ட கூட்டிட்டு வருவாங்க" என்று மாற்றிச் சொல்லுங்கள். போலீஸ் இல்லாத இடத்தில், கைக்குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ கடைக்காரரிடமோ போய்ச் சொல்லப் பழக்குங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், "எங்களைத் தேடி ஓடாதே, அங்கேயே நில்லு, சத்தமா கூப்பிடு" என்பது. பெற்றோரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் தேடி அலைந்தால் தூரம்தான் கூடும்.

மொட்டை போட்ட பிறகு போட்டோ எடுத்தீங்களா?

நாகூருக்கு வரும் பலர் பிள்ளைகளுக்கு முடி இறக்கி, தலையில் சந்தனம் பூசுவார்கள். செல்போனில் இருப்பதோ சுருட்டை முடியோடு பிறந்தநாளுக்கு எடுத்த போட்டோ! அதைக் காட்டித் தேடினால் யாருக்கு அடையாளம் தெரியும்? மொட்டை போட்டதும், அன்றைக்குப் போட்டிருக்கும் உடையோடு, செருப்பு தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் செல்போன் எண்ணை எழுதிய சீட்டைச் சட்டையின் உள்பக்கம் குத்திவிடலாம். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குழந்தை நம்பிப் போய்விடும்.

"மினாரா பக்கத்துல நில்லு" என்று சொல்லாதீர்கள். தர்காவில் 5 மினாராக்கள் இருக்கின்றன. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிய பெரிய மினாரா 131 அடி உயரம். கீழே நிற்கும் பிள்ளைக்கு எல்லாமே பெரிய மினாராதான். ஒரு வாசலையோ கடையையோ நேரில் காட்டி, "இங்கதான் வரணும்" என்று சொல்லுங்கள்.

முதலில் எங்கே தேடணும்?

தண்ணீர் இருக்கும் இடத்தில். மிட்டாய்க் கடைக்குப் போன பிள்ளை பத்து நிமிஷம் கழித்தும் அங்கேயே இருக்கும். ஆனால் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களே உயிர் தாங்கும். தர்காவின் திருக்குளம், சில்லடி கடற்கரை, வெட்டாறு என நாகூரில் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. சமீப ஆண்டுகளில் கந்தூரி நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில் வந்ததையும் மறக்கக் கூடாது. குடும்பத்தில் ஒருவர் குழந்தையைக் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க, இன்னொருவர் தண்ணீர்ப் பக்கம் ஓட, மற்றவர் போலீஸிடமோ மைக் இருக்கும் இடத்துக்கோ போகலாம்.

24 மணி நேரம் காத்திருக்கணுமா?

தேவையே இல்லை. உடனே 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் இயங்கும். காணாமல் போன குழந்தை பற்றிய புகாருக்கு போலீஸ் வழக்குப்பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டது. காரைக்கால் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது என்றாலும் கவலை வேண்டாம். எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம் என்பதை, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டம் உறுதி செய்கிறது.

வேறு யாரோட குழந்தையாவது நம்மகிட்ட வந்தா?

பாசத்தில் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று போலீஸையோ 1098-ஐயோ அழையுங்கள். பெற்றோரைப் பிரிந்து தனியாக இருக்கும் குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

குழந்தை கிடைத்ததும்?

பயத்திலும் கோபத்திலும் சிலர் முதலில் ஓர் அடி வைப்பார்கள். அப்படிச் செய்தால் 'தொலைஞ்சா அடி விழும்' என்பதுதான் பிள்ளை மனதில் நிற்கும், அடுத்த முறை கூப்பிட்டாலும் வெளியே வராமல் ஒளிந்துகொள்ளும். தூக்கி அணைத்து, தண்ணீர் கொடுத்து, "அங்கேயே நின்னியே, சமத்து" என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ பகிர்ந்திருந்தால், குழந்தை கிடைத்துவிட்ட தகவலையும் அதே குழுக்களில் சொல்லிவிடுங்கள்.