மனைப்பட்டறையில் நீராவிப் பொறி

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் வாழ்வோர்க்கு நீராவி புதிய பொருளன்று. சிலாபம் வரை 1916ஆம் ஆண்டிலும் புத்தளம் வரை 1926ஆம் ஆண்டிலும் வந்த இருப்புப்பாதையில் முதலில் ஓடியவை நீராவி வண்டிகளே. தென்னந் தோட்டங்களினிடையே தேங்காய்த் துருவலை உலர்த்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகளிற் கொதிகலன்கள் உள. கற்பிட்டிக் குடாநாட்டின் மேலைக் கரையில், நுரைச்சோலையில், 2011ஆம் ஆண்டு மின்னாக்கத் தொடங்கிய நிலக்கரி மின்னிலையம், 2014ஆம் ஆண்டில் மூன்று அலகுகளும் நிறைவெய்தி 900 மெகாவாற்று வலுவுடையதாயிற்று. இத்துணை அண்மையில் இருந்தும், "கரியை எரித்தால் மின்சாரம் வருவது எங்ஙனம்?" என்று வகுப்பிற் கேட்டால், கரிக்கும் மின்னுக்கும் இடையே நீர் என ஒன்று நிற்பதை எடுத்துரைக்கும் மாணவர் மிகச் சிலரே. படத்தைக் காட்டி விளக்கலாம். ஆயினும் உள்ளங்கையளவான பொறியொன்று மேசைமேற் சுழலக் கண்ட மாணவனுக்குப் படம் வேண்டுவதில்லை. அத்தகைய பொறியொன்றை வீட்டிலேயே ஆக்குமாறு யாதென்பதை, எம் மனையின் பின்தாழ்வாரத்துப் பட்டறையிற் பல்லாண்டு பழகிய பழக்கங் கொண்டு, இம்மலரில் எழுத முற்பட்டோம்.

தமிழாசிரியர்க்கு அரமும் துறப்பணமும் எற்றுக்கு என வினவும் நண்பர் உளர். பொறி என்னுஞ் சொல் ஐம்பொறியையும் தீப்பொறியையும் இயந்திரத்தையும் ஒருங்கே குறிப்பது. மதுரை மதிலின்மேல் நின்ற பொறிகளைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் வரிசைப்படுத்தியிருத்தலை ஆண்டுதோறும் படிப்பிக்கின்றோம். படிப்பிப்பவர் ஒரு பொறியையேனும் தம் கையாற் செய்து பார்த்தல் தகாததன்று.

எல்லாவற்றினும் எளிய நீராவிப் பொறியைச் செய்யவும் வேண்டா. திருவிழாக் கடையில் வாங்கலாம். சிறு எண்ணெய்த் திரியை ஏற்றி நீரில் விட்டால் 'டப டப' என்று ஒலித்தோடும் தகரப் படகைக் காணாதார் யார்? தோமசு பியோ என்பார் 1891ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற படகின் வழிவந்தது அது. அதனுள் உருளையில்லை, முசலமில்லை, வால்வுமில்லை. தட்டையான சிறு தகரப் பெட்டியும், அதிலிருந்து படகின் பின்புறத்து நீருக்குட் செல்லும் இரு குழாய்களுமே உள. பெட்டியிலுள்ள சிறிது நீர் ஆவியாகி விரிந்து, குழாய்களிலுள்ள நீரைப் பின்னே தள்ளும். அங்ஙனம் விரிந்த ஆவி குளிர்ந்த குழாயினுட் புகுந்தவுடன் ஒடுங்கும். வெளியமுக்கம் நீரை மீண்டும் உள்ளே தள்ளும். வெளியேறும் நீர் ஒரே திசையிற் பாய்வது. உட்புகும் நீரோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவது. இவ்வேறுபாட்டினாற் படகு முன்செல்லும்.

நீராவியின் இரு தொழில்களும் இவ்விளையாட்டுப் பொருளில் அடங்கியுள்ளன. ஓர் இலீற்றர் நீர், வளிமண்டல அமுக்கத்தில் ஆவியாகுங்கால் ஏறத்தாழ 1,700 இலீற்றர் இடத்தை வேண்டுவது முதலாவது. அவ்வாவி குளிர்ந்து மீண்டும் ஓர் இலீற்றர் நீராகுங்கால் வெற்றிடத்தை விட்டுச் செல்வது இரண்டாவது. 1712ஆம் ஆண்டில் நியூக்கொமன் சுரங்க நீரை இறைக்க அமைத்த பெரும் பொறி இரண்டாவதையே பயன்படுத்தியது. உருளையினுள் ஆவியை நிரப்பி, அதன்மேற் குளிர்நீரைத் தெளித்து ஒடுக்கி, வெளிவளியின் அமுக்கத்தால் முசலத்தைக் கீழிறங்கச் செய்தனர்.

அப்பொறியின் மாதிரியொன்று கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அதனைப் பழுதுபார்க்கும் பணி 1763ஆம் ஆண்டளவில் கருவி செய்வோராகிய ஜேம்ஸ் வாற்றுக்குக் கிடைத்தது. உருளையின் விட்டம் 2 அங்குலம்; முசலம் செல்லுந் தூரம் 6 அங்குலம். கொதிகலன் பார்வைக்குப் போதியதே. எனினுஞ் சில அடிகள் அடித்தவுடன் ஆவி தீர்ந்து பொறி நின்றுவிடும். செய்தவன் கைப்பழுது எனக் கூறிக் கைவிட்டிருக்கலாம். வாற்று அவ்வாறு விட்டாரில்லை. ஒரு பொருளின் நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால், அதன் பரப்புக் காற்பங்காகும். கனவளவோ அரைக்காற்பங்கு, அஃதாவது எட்டிலொன்றாகும். ஆகவே, சிறிய உருளையில் அடங்கும் ஆவி பெரிதுங் குறைய, அதனைக் குளிர்விக்குஞ் சுவர் அவ்வளவு குறைவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் உருளையைக் குளிர்வித்து மீண்டுஞ் சூடாக்குவதிலேயே ஆவியின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. பெரிய பொறியிலும் இவ்வழிவு இருந்தது. அதன் பருமையில் மறைந்து கிடந்தது. சிறியது அதனைக் காட்டிக்கொடுத்தது. உருளை என்றும் சூடாகவே இருக்கட்டும், ஒடுக்குவதற்கு வேறொரு குளிர்கலம் இருக்கட்டும் என்னும் எண்ணம் 1765இல் வாற்றுக்குத் தோன்றியது. 1769இல் உரிமம் பெற்றார். மாதிரி செய்தல் சிறுவர் விளையாட்டு என்பார்க்கு இவ்வரலாற்றைக் கூறுதல் எம் வழக்கம்.

நிற்க. முதன்முதல் செய்தற்கு ஏற்றது ஆடும் உருளைப் பொறி. இதற்குத் தனி வால்வு வேண்டா என்பதே இதன் சிறப்பு. உருளை ஓர் அச்சிற் கோக்கப்பட்டு, சுழல்தட்டின் போக்கிற்கேற்ப இருபுறமும் ஆடும். உருளையின் பக்கத்துத் தட்டைமுகத்தில் ஒரு துளையும், அது சாய்ந்து நிற்கும் நிலைத்தட்டில் இரு துளைகளும் உள. உருளை ஒருபுறம் ஆடுங்கால் அதன் துளை ஆவி வருந் துளையுடன் பொருந்தும். மறுபுறம் ஆடுங்கால் ஆவி போகுந் துளையுடன் பொருந்தும். நடுவில் இரண்டும் மூடுண்டிருக்கும். 10 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பித்தளைக் குழாய் உருளையாகும். அதனுள் வழுக்கிச் செல்லும் பித்தளைத் தண்டு முசலமாகும். சுழல்தட்டில் மையத்திலிருந்து 10 மில்லிமீற்றர் தள்ளி முளையை அமைத்தால் முசலம் 20 மில்லிமீற்றர் செல்லும். ஆவி ஒருபுறமே தள்ளுதலின், மற்றைய அரைச் சுற்றைக் கடத்திவிடப் பாரமான பறப்புச்சில்லு ஒன்று வேண்டும். இரும்பை இயன்றவரை விலக்குக. எம் கரையின் உப்புக்காற்று அதனை ஒரு மாரிக்குள் தின்றுவிடும்.

கடைசற்பொறி வீட்டில் இல்லையே என வருந்த வேண்டுவதில்லை. மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளிற் சில்லையும் முசலத்தையுங் கடைந்து பெறலாம். துளைகளின் இடத்தைக் குறித்தலே உண்மையான வேலை. முதலில் தாளில் ஐந்து மடங்கு பெரிதாக வரைந்து, உருளை இருபுறமும் எவ்வளவு ஆடுகின்றது என அளந்து, அதன்பின் உலோகத்திற் கை வைக்க வேண்டும். தட்டைமுகங்கள் இரண்டையும் கண்ணாடிப் பலகைமேல் விரித்த நுண்ணிய உப்புத்தாளில் எண்ணெயிட்டுத் தேய்த்தல் வேண்டும். இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதுஞ் செல்லினும் அது வீண்பொழுதன்று. முகங்கள் பொருந்தாவிடின் ஆவி அனைத்தும் அவ்வழியே போய்விடும். செவ்வையாய் அமைந்த பொறி, வாயால் ஊதினாலே சுழலும்.

இனிக் கொதிகலன். பால்மாத் தகரமொன்றை மூடி, ஈயப்பற்று வைத்து, அடுப்பில் ஏற்றிக் கொதிகலனாக்க நினைக்கும் மாணவர் உளர். அதனை எக்காரணங் கொண்டுஞ் செய்தலாகாது. பொறி சிறிதாயினும் அமுக்கஞ் சிறிதாவதில்லை என்பதே ஈண்டு மறக்கப்படுவது. சதுர சென்ரிமீற்றருக்கு 2 கிலோகிராம் அமுக்கம் என்பது புகைவண்டியிலும் அதுவே, மேசைமேலும் அதுவே. 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தகரமூடியின்மேல் அவ்வமுக்கம் ஏறத்தாழ 157 கிலோகிராம் பாரமாகத் தாக்கும். வளர்ந்தோர் இருவர் ஒருங்கே ஏறி நிற்பதினும் அது கூடுதல். அந்நிலையில் உள்ளிருக்கும் நீரின் வெப்பநிலை 134 பாகை அளவாகும். தகரம் பிளந்தால் அந்நீர் அமைதியாக வழிந்தோடுவதில்லை. 100 கிராம் நீரில் ஏறத்தாழ 6 கிராம் கண்ணிமைப்பொழுதில் ஆவியாகிப் பத்து இலீற்றராகப் பரக்கும். எஞ்சியது கொதிநீராய்ச் சிதறும். இன்னும், பொதுவாகப் பயன்படும் ஈயப்பற்று 183 பாகையளவில் உருகத் தொடங்கும். நீர் வற்றி அடுப்பின் சுவாலை வெறுந் தகரத்தில் படுமாயின், அவ்வெப்பநிலையை எட்டுதற்கு நெடுநேரஞ் செல்லாது.

நாம் கொள்வது தடித்த செப்புக் குழாய். 50 மில்லிமீற்றர் விட்டமும் ஒன்றரை மில்லிமீற்றர்ச் சுவருமுள்ள குழாயில், மேற்கூறிய அமுக்கத்தால் உண்டாகும் இழுவிசை செம்பு தாங்கக்கூடியதில் மிகச் சிறு பங்கே. இரு முனைத்தட்டுகளும் விளிம்பு மடித்தனவாயும், நடுவே ஒரு தண்டினால் ஒன்றோடொன்று பிணிக்கப்பட்டனவாயும் இருத்தல் வேண்டும். தட்டையான பரப்பே முதலிற் புடைக்கும். மூட்டுகள் அனைத்தும் 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப்பற்றினால் ஆகுக. காப்பு வால்வு இன்றிக் கொதிகலனை ஏற்றுதல் கூடாது. செய்து முடித்த கலனை முதலில் குளிர்நீரால் முற்றாக நிரப்பி, வேலையமுக்கத்தின் இருமடங்கு வரை கைப்பம்பியால் அமுக்கிப் பார்க்க வேண்டும். நீர் பெரிதும் அமுங்காததாகலின், கலன் தோற்றாலும் ஒழுகுமேயன்றி வெடிப்பதில்லை. வளியை அடைத்துச் சோதிப்போர் உளர். அது சோதனையன்று, சூதாட்டம். வெள்ளிப்பற்று வைத்தலில் தேர்ந்தவர் துணையில்லாத மாணவர், கொதிகலனை விட்டுவிட்டு, காற்றூதிய வண்டிச் சில்லின் இரப்பர்க் குழாயுடன் பொறியை இணைத்து ஓட்டுக. பொறியின் அமைப்பை அறிதற்கு அதுவே போதும்.

கொதிகலனுக்கு மழைநீரே நன்று. அருவக்காலுவிற் சீமெந்துக்கென அகழப்படும் சுண்ணாம்புக்கல் எம் பகுதி நிலத்தின் இயல்பைக் காட்டும். இத்தகைய நிலத்துக் கிணற்றுநீர் கலனின் உட்புறத்தில் வெண்படையாய்ப் படியும். மூன்றில் இரு பங்கு நீர் நிரப்பி மதுசார விளக்கை ஏற்றினால், ஆவி எழுந்த முதற்பொழுதில் பொறி சுழலாது, நீரைத் துப்பும். குளிர்ந்த உருளையில் ஆவி ஒடுங்குவதே அது. கிளாஸ்கோவில் வாற்று கண்டதை அவ்விடத்திற் காண்கின்றோம். சில்லைக் கையாற் சில சுற்றுச் சுற்றி உருளை சூடேறியவுடன் துப்புதல் குறைந்து ஓட்டம் பிடிக்கும். உருளையைப் பருத்தி நூலால் நெருங்கச் சுற்றிவைத்தால் வேறுபாடு கண்கூடு.

கணக்கிட்டுப் பார்ப்பாம். 10 மில்லிமீற்றர் முசலத்தின்மேல் முற்கூறிய அமுக்கம் 1.6 கிலோகிராம் அளவு பாரமாகத் தள்ளும். நிமிடத்துக்கு 500 சுற்றாயின் கிடைப்பது இரண்டரை வாற்று அளவே. அதற்கு வேண்டும் ஆவி, ஒன்றும் அழியாதெனக் கொண்டாலும், நிமிடத்துக்கு 1.3 கிராம், அதனை ஆக்க வேண்டும் வெப்பம் 56 வாற்று. அஃதாவது இருபதில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லை. உராய்வையும் ஒடுங்கலையும் கழித்தால் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினும் நல்ல பொறியே. நுரைச்சோலை போன்ற நிலையங்களோ கரியின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் மின்னாக்க வல்லன. அங்கே முசலம் இல்லை. 1884ஆம் ஆண்டில் பார்சன்ஸ் ஆக்கியவகைச் சுழலி உண்டு. ஆவி புகும் முனை என்றுஞ் சூடு, வெளியேறும் முனை என்றுங் குளிர்; ஒரே சுவர் மாறிமாறிச் சூடாவதும் ஆறுவதும் அங்கில்லை. வெளியேறிய ஆவியை ஒடுக்குவதற்குக் கடல்நீர் உள்ளே சென்று மீள்கின்றது. நிலையம் கரையில் நிற்றற்குக் கரிக்கப்பல் ஒன்றே காரணம் என எண்ணுவோர் பலர், அவ்வொடுக்கியை மறந்துவிடுகின்றனர். 1765இல் வாற்று எண்ணிய தனிக் குளிர்கலமே அது.

பெரிய பொறிகளை நேரிற் காண விரும்புவோர், 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடுகண்ணாவைப் புகைவண்டி நூதனசாலைக்குச் செல்லலாம். தமிழகத்தில் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைத் தொழிற்சாலையினர் நீலகிரி மலைப்பாதைக்கென இந்நூற்றாண்டிலும் புதிய நீராவி இயந்திரங்களை ஆக்கியுள்ளனர் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

ஓட்டம் முடிந்தபின் செய்யவேண்டியது ஒன்றுண்டு. விளக்கை அணைத்து, அமுக்கமானியின் முள் முற்றாகத் தாழ்ந்தபின், நீரிடும் அடைப்பைத் திறந்துவைத்தல் வேண்டும். மூடியபடி ஆறவிட்டால், உள்ளிருக்கும் ஆவி ஒடுங்கி வெற்றிடம் உண்டாகி, உருளையிலுள்ள எண்ணெயையும் அழுக்கையும் கொதிகலனுக்குள் இழுத்துவிடும். பின்னர் நீரை வடித்து, பித்தளை முகங்களைத் துடைத்து, இரு துளி எண்ணெய் இட்டு, கடற்காற்றுப் புகாத பெட்டியில் வைக்க.