அடுக்கில் ஒரு குறி

ஒரு கிராம் ஹைட்ரஜனில் எத்தனை அணுக்கள் இருக்கும்? ஓர் அணுவின் நிறை ஏறத்தாழ 1.67 × 10⁻²⁴ கிராம். ஒன்றை இதனால் வகுக்க வேண்டும். 1 ÷ 1.67 ஏறத்தாழ 0.6, இதில் சிக்கலில்லை. 10⁻²⁴ஐ என்ன செய்வது?

அ⁵ ÷ அ² = அ³ என்பதை அறிவீர்கள். மேலே ஐந்து 'அ', கீழே இரண்டு; இரண்டு அடிபட, மூன்று மிஞ்சுகின்றன. ஆகவே வகுத்தலில் அடுக்குகளைக் கழிக்கிறோம். 1 என்பது 10⁰. (ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் அடுக்கு 0, ஈவு 1 அல்லவா?) எனவே 0 − (−24) = 24. விடை 0.6 × 10²⁴, அதாவது 6 × 10²³ அணுக்கள்.

தேர்வில் சிலர் 0.6 × 10⁻²⁴ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் ஒரு கிராமில் ஓர் அணுகூட இராது! 0.6ஐ 0.5 என்று எழுதினாலும் பெரிய மோசமில்லை. இந்தக் குறி பிசகினாலோ விடை 10⁴⁸ மடங்கு குறைந்துவிடுகிறது.