ஈரில்லத் தாவரங்களும் வீட்டுத் தோட்டமும்

நான் கல்லூரியிலே தாவரவியல் பயின்ற காலத்தில், ஒருநாள் ஆசிரியர் எங்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, வேலியிற் படர்ந்திருந்த கோவைக் கொடிகளில் ஆளுக்கொரு பூப் பறித்து வரும்படி பணித்தார். பறித்த பூக்களைப் பிளந்து பார்த்தபோது, சிலரிடம் இருந்தவை யாவும் மகரந்தம் உடையனவாகவும், வேறு சிலரிடம் இருந்தவை யாவும் அடியிலே சிறு பிஞ்சுடையனவாகவும் காணப்பட்டன. ஒரே வேலி, ஒரே இலை, ஒரே வெள்ளைப் பூ. ஆயினும் கொடிகள் இரண்டு. அன்று அவர் கரும்பலகையில் எழுதிய சொல் 'ஈரில்லத் தாவரம்' என்பது. இரண்டு வீடு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் தமிழாக்கம் அது. பரீட்சைக்காக மனனஞ் செய்த அச்சொல்லின் பயனை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. அவ்வனுபவத்தை நமது மலரிலே எழுதுவது பொருத்தமாகுமென்று எண்ணுகிறேன்.

பூசணி, புடோல், பாகல் முதலியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியிலே தோன்றும். ஆகவே ஒரு கொடி வைத்தவனும் காய் காண்பான். இவை ஓரில்லத் தாவரங்கள். ஈரில்லத் தாவரங்களிலோ ஆண் ஒரு கொடி அல்லது மரம், பெண் மற்றொன்று. பனை, பேரீச்சை, சாதிக்காய், கோவை, பழுபாகல் என்பன இவ்வினத்தைச் சேர்ந்தவை. வெற்றிலையும் இவ்வினமே, ஆனால் இலைக்காகத் தண்டு நட்டு வளர்ப்பதால் அதன் பூவை யாரும் விசாரிப்பதில்லை. பனையின் நிலைமை வேறு. பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் சென்று பாளை வெளிவரும்வரை ஆணா பெண்ணா என்று அதன் உரிமையாளனுக்கே தெரியாது. ஆண்பனை காய்க்காவிடினும் அதன் பாளையிற் சாறு இறக்கலாமாகையால், அது கோடரிக்குத் தப்பிவிடுகிறது. வீட்டுத் தோட்டத்து ஆண் கொடிக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பெருகி வந்து கல்முனைக் கரையோரத்தை அழித்த கதையை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. உயிரும் உடைமையும் போன பின்னர், கொடியும் செடியும் போனதைப் பற்றிப் பேச அப்போது ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்கள் ஒழுங்கையிலே கிடுகு வேலியும் அதிற் படர்ந்திருந்த கோவையும் போயின. வேலி இருந்த இடத்தில் மதில் வந்தது. மாரி மழை இரண்டு மூன்று பெய்து மணலிலிருந்த உப்பைக் கழுவிய பிறகு, மீண்டும் வளவிலே ஏதேனும் நடலாமென்ற ஆசை எழுந்தது. நாற்றும் கிழங்கும் கேட்ட இடமெல்லாம் தந்தார்கள். அவ்வாறு வந்தவற்றுள், உகனைப் பக்கத்துச் சிங்கள நண்பர் ஒருவர் கொடுத்த பழுபாகற் கிழங்குகளும் ஆறு இருந்தன. சிங்களத்தில் தும்ப கரவில எனப்படும் முள்ளுப் பாகல் இதுவே. பாகலைப் போலக் கசப்பில்லாதது, நல்ல விலைக்குப் போவது.

கிழங்குகள் ஆறும் முளைத்தன, பந்தலை மூடின, மஞ்சட் பூக்கள் நிறையத் தோன்றின. ஒவ்வொரு பூவின் அடியிலும் முள்ளோடு கூடிய பிஞ்சு இருந்தது. ஆனால் அப்பிஞ்சு நான்கைந்து நாளிற் பழுத்து மஞ்சளாகி உதிர்ந்தது. உப்பு இன்னும் மண்ணிலே இருக்கின்றதென்றேன். சாணமும் சாம்பலும் இட்டேன். பூச்சியென்று வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தேன். அடுத்த பருவமும் அவ்வாறே கழிந்தது. பக்கத்து வீட்டுக் காக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், இது மலட்டுக் கொடி. புடுங்கி எறிஞ்சிட்டு வெண்டி போடுங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மூன்றாம் பருவத்தில் ஒருநாள் மாலை, பந்தலின் கீழ் நின்று பூக்களை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் பழைய வேலியோரத்து வகுப்பு நினைவுக்கு வந்தது. நான் எண்ணிய பூக்கள் அனைத்தும் பிஞ்சுடையவை. ஆண் பூ ஒன்றேனும் இல்லை. நண்பரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். அவர் சிரித்தார். மிகச் சிறப்பாகக் காய்த்த கொடியின் கிழங்குகளையே எனக்காகத் தெரிந்து எடுத்தாராம். காய்க்காதவற்றைக் கொடுப்பது மரியாதை அன்றே! ஆண் கொடிகள் அவருடைய காட்டோர வேலியிலே தாமாகவே இருந்தன. அவற்றை அவர் நட்டவரும் அல்லர், எண்ணியவரும் அல்லர்.

இதிலேதான் ஈரில்லத் தாவரத்தின் இடர்ப்பாடு அடங்கியிருக்கின்றது. விதையிலிருந்து வளர்த்தால் ஏறக்குறையப் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக அமையும். ஆனால் பூக்கும்வரை இனங்காண இயலாது. கிழங்கோ தண்டோ நட்டால், தாய்க் கொடி எதுவோ அதுவே பிள்ளையும். மனிதர் ஒருவருக்கொருவர் கொடுப்பது நல்ல கொடியையே; நல்ல கொடி என்று நாம் சொல்வது காய்க்கும் கொடியை. ஆகவே அன்போடு கைமாறக் கைமாற, ஆண் கொடி ஊரிலிருந்தே மறைந்துவிடுகின்றது. கோவை இவ்விடரிலிருந்து ஓரளவு தப்பியது. பயிரிடப்படும் கோவை வகைகள் சில மகரந்தமின்றியும் காய்க்க வல்லன. பழுபாகலுக்கு அவ்வசதி இல்லை.

இக்காலத்தில் கொழும்புக் கடைகளிலே காணப்படும் கிவிப் பழத்தின் வரலாறும் இதனையே கூறும். சீன தேசத்துக் காட்டுக் கொடியாகிய இதன் விதைகளை 1904ஆம் ஆண்டிலே நியூசிலாந்துக்குக் கொண்டு வந்தவர், வாங்கனூய் நகரிலே பெண்கள் கல்லூரி ஒன்றின் அதிபராயிருந்த இசபெல் பிரேசர் என்னும் அம்மையார். அவ்விதைகளிலிருந்து எழுந்த கொடிகள் 1910ஆம் ஆண்டளவிலே அலெக்சாண்டர் அலிசன் என்பவரின் தோட்டத்திற் காய்த்தன. முளைத்தவற்றுள் ஆணும் பெண்ணும் இருந்தமை அவர்தம் நற்பேறு. பெண் கொடி மட்டும் பிழைத்திருந்தால், அழகுக்கு வளர்க்கும் ஒரு கொடியாக அது நின்றுபோயிருக்கும். பின்னர் ஹேவார்ட் ரைட் என்பவர் தெரிந்தெடுத்த பெண் கொடியே, அவர் பெயரால் ஹேவார்ட் என்று உலகெங்கும் பரவியது.

கிவியில் ஒரு வியப்பும் உண்டு. அதன் பெண் பூவிலும் மகரந்தப் பை போன்றவை நிறைந்திருக்கும். ஆனால் அவற்றிலுள்ள தூள் உயிரற்றது. பார்ப்போர் 'இருபாற் பூ' என்று ஏமாறுவர். மேலும், நன்கு பருத்த ஒரு கனிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் உண்டாக வேண்டும். மகரந்தம் குறைந்தால் கனி சிறுத்துக் கோணிவிடும். ஆகவே அங்கே ஆறு முதல் ஒன்பது பெண் கொடிகளுக்கு ஓர் ஆண் கொடி வைக்கின்றனர். ஆண் கொடியும் ஏதாவதொன்றாக இருந்தாற் போதாது. பெண் பூக்கும் நாளிலேயே அதுவும் பூக்க வேண்டும். ஹேவார்ட் பிந்திப் பூப்பதால் அதற்கேற்ற ஆண்களைத் தேடிப் பெயரும் இட்டிருக்கின்றனர். ஒன்று மாத்துவா, மாவோரி மொழியிலே தந்தை என்பது பொருள். மற்றொன்று தொமுரி, பிந்தியது என்பது பொருள். பூத்து முடிந்தவுடன் ஆண் கொடியை ஒட்ட வெட்டி, பெண் கொடிக்கு இடமும் வெயிலும் விடுவர். இடம் போதாத வீட்டுத் தோட்டத்தில், பெண் கொடியிலேயே ஆண் கிளை ஒன்றை ஒட்டுவதும் உண்டு.

கிவியை நமது கரையிலே நட்டுப் பார்க்க எண்ணும் நண்பர்களுக்கு ஒரு சொல்: அதற்குக் குளிர்காலம் வேண்டும். 1960ஆம் ஆண்டிலே பெங்களூர் லால்பாக்கில் வைத்தவையும் போதிய குளிரின்மையாற் பயன் தரவில்லை. சிம்லாவிலே 1963இல் வைத்தவை 1969இற் காய்த்தன. கச்சான் காற்று வீசும் கல்முனையில் அதற்காகச் செலவு செய்தல் வீண்.

பேரீச்சையின் கதை நமக்கு இன்னும் அணித்து. காத்தான்குடிப் பெருந்தெருவின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைக் காணாதார் நம்மிற் சிலரே. ஆண் பாளையை வெட்டிப் பெண் பாளையின் மேற் செருகும் வழக்கம் மெசொப்பொத்தேமியாவிலே பண்டு தொட்டு உள்ளது. ஓர் ஆண் மரம் ஏறக்குறைய ஐம்பது பெண் மரங்களுக்குப் போதும். இதைப் பற்றி நான் காக்காவிடம் கூறியபோது, அவர் உடனே ஒரு ஹதீஸை நினைவு கூர்ந்தார். மதீனாவாசிகள் அவ்வாறு செய்வதைக் கண்ட நபிகள் நாயகம் அவர்கள் அது வேண்டியதில்லையோ என்று கருத்துரைக்க, அவர்கள் அதனை விடுத்தனராம், விளைச்சல் குறைந்ததாம், பின்னர் உலகியற் காரியங்களை அவர்களே நன்கறிவர் என்று நபிகளார் கூறினராம். "அப்ப உங்கட கொடிக்கும் மாப்பிள்ள தேடணும் மாஸ்டர்" என்றார் காக்கா. வெண்டி போடச் சொன்ன பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

உகனையிலிருந்து ஆண் கிழங்குகள் இரண்டு வந்தன. அடையாளம் காண்பது எளிது. ஆண் பூவின் காம்பு மெலிந்து நீண்டது, பூவுக்கு அணித்தாக அதனைப் போர்த்தியது போன்ற சிற்றிலை ஒன்று இருக்கும், பிஞ்சு இராது. பழுபாகற் பூ அந்தி வேளையிலே மலர்வது. அதனை நாடி வருவன அந்துப்பூச்சிகளே. காலையில் வரும் தேனீக்களை நம்பிப் பயனில்லை. பூச்சி வாராத மழைநாளில் நாமே அப்பணியைச் செய்யலாம். மாலையில் விளக்கோடு சென்று, அன்று மலர்ந்த ஆண் பூவைக் கொய்து, இதழ்களை மடக்கி, பெண் பூவின் நடுவேயுள்ள மூன்று கிளைச் சூலகமுடியில் மெல்லத் தடவ வேண்டும். ஒரு பூவினால் பெண் பூக்கள் சிலவற்றைத் தடவலாம். பத்துப் பெண் கொடிகளுக்கு ஓர் ஆண் கொடி என்பது பொதுவான கணக்கு. நான் முதன்முதல் தடவிய பூக்களிற் பெரும்பாலானவை உதிரவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரத்திற் கறிக்குப் பறித்தோம்.

பப்பாசியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இப்போது பலர் வைக்கும் றெட் லேடி என்னும் தைவான் வகையிலே பெண் மரமும் இருபாற் பூ மரமுமே உண்டு. தனி ஆண் மரம் தேவையில்லை. ஆனால் பழைய நாட்டுப் பப்பாசி அப்படியன்று. நீண்ட காம்பிலே கொத்தாகத் தொங்கும் பூவைக் கண்டவுடன் அதனைத் தறித்து விடுகிறோம். பதினைந்து இருபது பெண் மரங்களுக்கு ஒன்று நிற்க வேண்டியது. தறித்தவன் வளவிலே அதன் பின்னும் காய்ப்பது, பெரும்பாலும் பக்கத்து வளவிலே தறியாது விட்ட ஆண் மரத்தின் தயவால்.

இன்று எங்கள் ஒழுங்கையிலே பழுபாகல் ஐந்து வளவுகளில் இருக்கின்றது. பெண் கொடிகள் மூன்று தமிழர் வீட்டிலும் இரண்டு முஸ்லிம்கள் வீட்டிலும் படர்ந்துள்ளன. ஆண் கொடி ஒன்று என் பந்தலின் மூலையிலே நிற்கிறது; மற்றதைக் காக்கா தமது கிணற்றடியிலே வைத்துக்கொண்டார். சிலகாலம் ஊரிலே மனக்கசப்புத் தோன்றிப் பேச்சுவார்த்தை குறைந்த நாட்களிலும், மாலையில் அந்துப்பூச்சிகள் மதிலின் இருபுறமும் போய் வந்தன. காயும் இருபுறமும் காய்த்தது. ஒரு வருடம் என் ஆண் கொடி வெள்ளத்தில் அழுகிப்போயிற்று. அவ்வருடம் முழுதும் எங்கள் வீட்டுக் கறிச்சட்டி காக்காவின் கிணற்றடிக் கொடியாலேயே நிறைந்தது.

கச்சான் வீசும் மாதங்களிலே கொடி பட்டுக் கிழங்கு மண்ணுள் உறங்கும். அக்காலமே கிழங்கைப் பிடுங்கிக் கொடுப்பதற்கு உகந்தது. வேண்டும் பழைய மாணவ நண்பர்கள் அந்நாட்களில் வந்தால், பெண் கிழங்கு மூன்றும் ஆண் கிழங்கு ஒன்றுமாகத் தரக் காத்திருக்கிறேன். ஆண் கிழங்கைத் தனியே காகிதத்திற் சுற்றிப் பெயரெழுதித் தருவேன். நட்ட இடத்திலும் ஒரு குச்சி நாட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல், காய்க்கவில்லையென்று வீட்டார் அதனைத்தான் முதலிற் பிடுங்குவார்கள்.