பேருந்துக்கும் ஒரு பங்கு கொடுங்கள்

“இலகு ரயில் நிலையத்துக்குப் பத்தே நிமிடம்!”

எங்கள் தாமானில் வீடுகள் விற்பனைக்கு வந்தபோது விளம்பரப் பலகையில் இருந்த வாசகம் இது. குடியேறிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பத்து நிமிடம் காரில் போனால் மட்டுமே என்று. வீட்டில் இருப்பது ஒரே கார். அப்பா காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதனால் பத்து மணி விரிவுரைக்கும் நான் ஆறு மணிக்கே புறப்படுகிறேன்.

புதிய குடியிருப்புகளில் வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் வேண்டும் என்று ஊராட்சி மன்றங்கள் விதி வைத்துள்ளன. அந்தச் செலவை மேம்பாட்டாளர் ஏற்கிறார். கார் இல்லாதவரின் பயணத்துக்கும் அவர் ஏன் பங்களிக்கக் கூடாது?

இது நமக்குப் புதிதல்ல. 2015 ஜூனில் திறக்கப்பட்ட சன்வே பி.ஆர்.டி. விரைவுப் பேருந்துத் தடம், அரசின் பிரசரானா நிறுவனமும் சன்வே குழுமமும் சேர்ந்து உருவாக்கியது. 5.4 கிலோமீட்டர் நீளம், 7 நிலையங்கள். மின்சாரப் பேருந்துகள் உயர்த்திக் கட்டப்பட்ட தனிப்பாதையில் ஓடுவதால் நெரிசலில் சிக்குவதில்லை. மாணவர்கள் பலருக்கு அது பெரிய வசதி.

ஆனால் அது செல்லும் வழியைப் பாருங்கள். அக்குழுமத்தின் கேளிக்கைப் பூங்கா, மருத்துவமனை, பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கு அருகில் நிலையங்கள் உள்ளன. அதில் தவறில்லை. ஆயினும், நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டால், அவற்றுக்குப் பயன் உள்ள இடத்துக்குத்தான் பேருந்து வரும். எங்களைப் போன்ற தாமான்கள் காத்துக்கொண்டேதான் இருக்கும்.

லண்டன் இதைச் சட்டமாக்கியது. எலிசபெத் ரயில் தடத்தின் செலவுக்கு உதவ, 2012 ஏப்ரல் முதல் புதிய கட்டடங்களுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. வட்டாரத்தைப் பொறுத்து, தொடக்கத்தில் சதுர மீட்டருக்கு 20 முதல் 50 பவுண்டு. 2022 மே மாதம் அந்தத் தடம் திறக்கப்பட்டது.

“அப்படியானால் வீட்டு விலை ஏறிவிடுமே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லண்டனில் சமூக வீடமைப்புக்கு இக்கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு. மேலும், கட்டணம் எவ்வளவு என்று முன்பே தெரிந்தால், நிலம் வாங்கும்போதே மேம்பாட்டாளர் அதைக் கணக்கில் எடுத்துப் பேரம் பேசலாம். முழுச் சுமையும் வீடு வாங்குபவர் தலையில் விழ வேண்டியதில்லை.

நம்மிடமும் ஓர் அடித்தளம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், திட்ட மாற்றத்தால் நில மதிப்பு உயர்ந்தால் மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்க வழி செய்கிறது. அதில் ஒரு பகுதியை அந்த வட்டாரப் பேருந்துச் சேவைக்கென்றே ஒதுக்கலாம்.

உங்கள் பகுதியின் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, மாணவர்களாகிய நாமும் போய்ப் பார்த்துக் கருத்து எழுதிக் கொடுக்கலாம். பேருந்து நிறுத்தத்தில் அதிக நேரம் நிற்பவர்கள் நாம்தானே?