மலைச் சரிவின் மண்ணையும் நீரையும் ஊர் கூடிக் காக்க வேண்டும்

நீலகிரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்கின்றன. ஆயினும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பல ஹட்டிகளில் ஊற்று மெலிந்து, குடிநீருக்கே சிரமம் ஏற்படுகிறது. பெய்யும் நீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடுவதே இதற்கு முக்கியக் காரணம். ஓடும் நீர் மேல்மண்ணையும், இட்ட எருவையும் கூடவே கொண்டுபோகிறது.

ஆய்வில் கண்டவை

உதகமண்டலத்தில் 1954-ல் தொடங்கப்பட்ட மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்துள்ளது. நான்கு அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், மேலிருந்து கீழாகப் பார் பிடித்து உருளைக்கிழங்கு நட்டால் எக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 39 டன் மண் அரித்துப் போகிறது. சரிவுக்குக் குறுக்கே பார் பிடித்தால் இது சுமார் 15 டன்னாகக் குறைகிறது. படிமட்டம் அமைத்தால் சுமார் 1 டன்தான்.

கிளென்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டனர். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் ஒரு பகுதியில் 1972-ல் கற்பூர மரம் நட்டனர். முதல் பத்தாண்டில் அங்கு ஓடைக்கு வந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் துளிர்க்க விட்ட இரண்டாம் சுற்றில் இழப்பு சுமார் 25 சதவீதமாயிற்று.

ஒருவர் மட்டும் செய்தால் போதாது

மேல் நிலத்துக்காரர் வடிகால் இன்றிப் படிமட்டம் அமைத்தால், அவரது நீர் கீழ் நிலத்துக்காரரின் வரப்பை உடைக்கும். பள்ளத்தில் இருப்பவர் ஒரு போகக் கேரட்டுக்காகச் சதுப்பை வெட்டி வடித்தால், ஹட்டி முழுவதற்கும் கோடைநீர் போகும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று. அந்த நாட்களில் மாவட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டனர். நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. ஆகவே உச்சி முதல் ஓடை வரை ஒரே நிலமாகக் கருதித் திட்டமிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. உச்சியில்: எஞ்சியுள்ள சோலையையும் புல்வெளியையும் தீயிலிருந்து காக்க வேண்டும். ஊற்றுக்கு மேலே கற்பூரம், சீகை மரங்களைப் புதிதாக நடக்கூடாது.

2. சரிவில்: மூன்று அடிக்கு ஓர் அடிக்கு மேல் இறங்கும் நிலத்தில் காய்கறி வேண்டாம், தேயிலை, மரம், புல் போன்ற நிலைப்பயிரே ஏற்றது. படிமட்டம் வெட்டுமுன் மேல்மண்ணை ஒதுக்கி வைத்து, பின்னர் பரப்ப வேண்டும். தளம் உள்நோக்கிச் சரிய வேண்டும். 10 அடி அகலத் தளத்தில் உள்விளிம்பு 3 அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும். விளிம்பில் வெட்டிவேர் அல்லது தீவனப்புல் நட வேண்டும்.

3. தேயிலையில்: கவாத்துக் கழிவை எரிக்காமல் வரிசைகளுக்கிடையே பரப்பினால் மண் ஈரம் காக்கும். சரிவுக்குக் குறுக்கே இடைவிட்டுக் குழிகள் எடுக்கலாம். ஆனால் நிலத்தில் விரிசல் கண்ட இடத்திலும், முன்பு சரிந்த இடத்திலும் நீரைத் தேக்கக்கூடாது, வடித்துவிட வேண்டும்.

4. பள்ளத்தில்: சதுப்பைக் கோடைக்கான நீர்ச்சேமிப்பாக விட்டுவிட வேண்டும். ஓடைக்கரையில் புல் நிற்க வேண்டும்.

கூடிச் செய்யும் முறை

ஒரே ஓடைக்கு நீர் விடும் நில உடைமையாளர்கள் யாவரும் ஹட்டியில் கூடி, முதலில் பொது வடிகால் செல்லும் வழியை முடிவு செய்ய வேண்டும். அதற்குப் புல் பதித்து, அவரவர் வடிகால்களை அதில் சேர்க்க வேண்டும். வேலையை உச்சியிலிருந்து தொடங்குவதே முறை. வடிகாலுக்கு இடம் விடுபவருக்கு மற்றவர்கள் ஆள்வேலை செய்து ஈடுகட்டலாம். மே மாத இறுதியிலும் செப்டம்பரிலும் ஒரு நாள் கூடி வடிகால்களைத் தூர்வார வேண்டும். நில மட்டம் எடுக்க வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவியைக் கேட்கலாம்.

கூடிச் செய்வது நீலகிரி மக்களுக்குப் புதிதல்ல. 1960-களில் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் அமைத்துப் பசுந்தேயிலைக்கு வழி தேடினர். இலைக்குக் கூடியவர்கள் நீருக்கும் கூட வேண்டும். விற்ற இலைக்கு அடுத்த கொழுந்து வரும். போன மேல்மண் நம் காலத்தில் திரும்பாது.