பல்லைக் காக்கும் வேர்ச் சிகிச்சை

பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்திசு உண்டு. அதனைப் பற்கூழ் என்பர். சொத்தை எனாமலைக் கடந்து ஆழ்ந்து இதனை எட்டும்போது திசு வீங்குகிறது. சுற்றிலும் கெட்டியான சுவராதலால் வீக்கத்திற்கு இடமில்லை. உறக்கத்தைக் கெடுக்கும் வலிக்கு இதுவே காரணம். நாளடைவில் கூழ் இறந்துபட, வலி அடங்குகிறது. நோய் தீர்ந்ததெனப் பலரும் மருத்துவரை மறப்பது இக்கட்டத்தில்தான். கிருமிகளோ வேர்நுனி வழியே தாடை எலும்பை அடைந்து சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றன.

வேர்ச் சிகிச்சையில் கெட்ட கூழ் அகற்றப்பட்டு, வேர்க்குழாய்கள் நுண்ணிய அரங்களால் தேய்த்துக் கழுவப்படுகின்றன. பின்னர் 'கட்டாபெர்ச்சா' எனும் மரப்பாற் பொருளால் அவற்றை அடைத்து, பல்லின்மேல் உறை பொருத்துவர். கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு குழாய்கள்கூட இருக்கலாம். பொறுமை வேண்டும் பணி இது.

பல்லைப் பிடுங்குவது ஒரே வருகையில் முடியும். காப்பதற்கோ, உறை பொருத்துவது உட்பட, பெரும்பாலும் இரண்டு மூன்று முறை வரவேண்டும். தினக்கூலி பெறுவோருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் ஊதிய இழப்பு; கட்டணம் வேறு. மத்திய அரசு ஊழியருக்கு அவர்தம் சுகாதாரத் திட்டம் கைகொடுக்கிறது. ஏழை எளியோருக்கென 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் புறநோயாளிச் சிகிச்சை அடங்காது. 2014-15-இல் தொடங்கப்பெற்ற தேசிய வாய்நலத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளிலும் அவற்றிற்குக் கீழுள்ள நிலையங்களிலும் பல் மருத்துவப் பிரிவுகளுக்கு உதவுகிறது. அப்பிரிவுகள் மாலையிலும் இயங்குமாயின், கூலியை இழக்காமலே பல்லைக் காத்துக்கொள்ள வழியுண்டு.