இமேஜ் ஏற்றியாச்சு... கணினி ஏன் எழவில்லை?

மூன்று மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்த கோடு ஒருவழியாக 100 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று செய்தியும் வந்துவிட்டது. நிம்மதியாக ஒரு தே தாரிக் கலக்கிக் குடித்துவிட்டு, கணினியை மறுபடியும் தொடக்குகிறீர்கள். கறுப்புத் திரை. மேல் மூலையில் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது.

இந்த அனுபவம் இப்போது நிறைய வீடுகளில் நடக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதனால் பழைய கணினியை மாற்றுகிறவர்கள், பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுகிறவர்கள் என்று பலரும் 'டிஸ்க் இமேஜ்' பக்கம் போகிறார்கள். ஒலிபரப்புக் கூடத்தில் இது எங்களுக்குப் பழகிய வேலை. பாட்டும் விளம்பரமும் ஓடும் கணினி காலை 6 மணி நிகழ்ச்சிக்கு முன் படுத்துவிட்டால் புதிதாக எல்லாவற்றையும் நிறுவ நேரம் இருக்காது. அதனால் அந்தக் கணினியின் முழு இமேஜ் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். எங்கள் தொழில்நுட்ப அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் நானும் இதைத் தெரிந்துகொண்டேன்.

டிஸ்க் இமேஜ் என்பது கோப்புகளை மட்டும் நகலெடுப்பதோடு நின்றுவிடாது. விண்டோஸ், நிறுவிய மென்பொருள்கள், அமைப்புகள், கண்ணுக்குத் தெரியாத சிறு பகுதிகள் என வன்தட்டை அப்படியே ஒரு படிமமாகச் சுருட்டி வைக்கும். 1990களின் நடுவில் நியூசிலாந்தில் உருவான 'கோஸ்ட்' இதைப் பிரபலமாக்கியது. 1998-இல் அதை சிமான்டெக் வாங்கியது. இன்று இலவசமாகக் கிடைக்கும் குளோனிஸில்லா தைவானில் உருவானது. அக்ரோனிஸ் 2003-இல் நம் பக்கத்துச் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. எதைப் பயன்படுத்தினாலும், 'ஏற்றியாச்சு, எழவில்லை' என்ற சிக்கல் ஒரே மாதிரிதான் வரும்.

காரணத்தை ஒரு காண்டோமினிய உதாரணத்தோடு சொல்கிறேன். வீடு மாறுகிறீர்கள். கட்டில், பீரோ, சாமிப்படம் எல்லாம் பத்திரமாகப் புது வீட்டுக்குள் போய்விட்டன. ஆனால் வாசலில் இருக்கும் காவலர் தன் பதிவேட்டைப் புரட்டுகிறார். உங்கள் பெயர் இல்லை, அல்லது பழைய புளோக் எண் இருக்கிறது. கதவு திறக்காது. கணினியில் அந்தக் காவலர் பயோஸ் அல்லது அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ. பதிவேடு என்பது வன்தட்டில் இருக்கும் ஒரு சின்னப் பகுதி. விண்டோஸ்தான் வீடு. இமேஜ் ஏற்றிய பிறகு எழாத கணினிகளில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு வாசலில்தான்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கிள்ளானில் டியூஷன் நடத்தும் ஓர் அக்கா போன மாதம் எனக்குப் புலனத்தில் அழைத்தார். வானொலியில் பேசுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சிலருக்கு ஒரு நம்பிக்கை! 2013-இல் வாங்கிய மேசைக்கணினியின் இமேஜை எடுத்து, புது மடிக்கணினியில் ஏற்றியிருக்கிறார். எழவில்லை. அதில் பத்து வருட வினாத்தாள்கள், மாணவர் கட்டணக் கணக்கு, இவற்றோடு காலமான அவருடைய அப்பா கேமரா முன் உட்கார்ந்து தன் தோட்டப்புற வாழ்க்கையைச் சொல்லும் காணொளிகள்.

"தம்பி, கடையில ஃபார்மேட் பண்ணாத்தான் சரியாகும்னு சொல்றாங்க. பழைய டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு வரச் சொல்றாங்க."

"அக்கா, பழைய டிஸ்க்கை யார்கிட்டயும் கொடுக்காதீங்க. கழற்றி, ஒரு துணியில சுற்றித் தனியா வையுங்க. மற்றதை அப்புறம் பார்ப்போம்."

அதுதான் முதல் வேலை. பழைய வன்தட்டும் இமேஜ் கோப்பும் இருக்கும்வரை எதையும் இழக்கவில்லை. இரண்டாவது வேலையும் கணினியை எழுப்புவது இல்லை. அக்ரோனிஸ், மேக்ரியம் போன்றவை எடுத்த இமேஜ் கோப்பை வேறொரு கணினியில் ஓர் இயக்கிபோல் திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். குளோனிஸில்லா இமேஜை அவ்வளவு சுலபமாகத் திறக்க முடியாது, அதை வேறொரு வட்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அக்காவின் இமேஜ் என் மடிக்கணினியில் திறந்தது. அப்பாவின் காணொளிகளை இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்த பிறகுதான் எழாத கணினியைத் தொட்டோம். அதன்பின் அவசரம் இல்லை. அவசரம் இல்லாதபோது கைநடுக்கமும் இல்லை.

இனி வாசல் கதவுக்கு வருவோம். திரையில் என்ன தெரிகிறது என்பதை முதலில் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில்தான் விடை இருக்கிறது.

'பூட் ஆகக்கூடிய சாதனம் இல்லை' என்ற பொருளில் செய்தி வந்தாலோ, நேராக பயோஸ் திரைக்குப் போய்விட்டாலோ, காவலருக்குப் பதிவேடே கிடைக்கவில்லை என்று அர்த்தம். இதற்கு அதிகம் காணும் காரணம் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள பொருத்தமின்மை. 1983-இல் வந்த எம்பிஆர் என்ற முறையில், வட்டின் முதல் 512 பைட்டுக்குள் தொடக்கக் குறிப்பும் பாகப் பட்டியலும் அடங்கிவிடும். நான்கு முதன்மைப் பாகங்கள், சுமார் 2 டெராபைட் வட்டு, அவ்வளவுதான் அதன் எல்லை. ஜிபிடி என்ற புதிய முறையில் தொடக்கக் கோப்புகள் தனியாக ஒரு சிறு பாகத்தில் இருக்கும். விண்டோஸ் அதற்குப் பெரும்பாலும் 100 மெகாபைட் ஒதுக்கும். புது மடிக்கணினிகள் பலவற்றில் பழைய முறைக்கான வசதியே கிடையாது. ஆகவே பழைய கணினியின் எம்பிஆர் இமேஜை எவ்வளவு சுத்தமாக ஏற்றினாலும் புதுக் காவலர் அந்த மொழியைப் படிக்க மாட்டார்.

அக்காவுக்கு நடந்தது இதுதான். மைக்ரோசாஃப்ட் 2017-இல் விண்டோஸ் 10-உடன் சேர்த்துத் தந்த 'எம்பிஆர் டு ஜிபிடி' கருவி, உள்ளே இருக்கும் தரவை அழிக்காமல் வட்டைப் புது முறைக்கு மாற்றும். விண்டோஸ் நிறுவல் பென்டிரைவ் ஒன்று இருந்தால் போதும். குறைந்தது 8 கிகாபைட் பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இலவசமாகச் செய்துகொள்ளலாம். அதில் தொடங்கி, பழுதுபார்க்கும் பகுதியில் கட்டளைத் திரையைத் திறந்து ஓட்ட வேண்டும். மாற்றும் முன் வட்டைச் சோதித்துச் சொல்லும் வசதியும் அதில் இருக்கிறது, அதை முதலில் ஓட்டுங்கள். பழைய விண்டோஸ் 32-பிட் வகையாக இருந்தால் இந்த வழி பயன்படாது.

இன்னொரு காரணம் இன்னும் எளிமையானது. இமேஜ் எடுக்கும்போது 'சி' பாகத்தை மட்டும் தேர்ந்தெடுத்திருப்பார்கள். பெயரில்லாத அந்தக் குட்டிப் பாகங்கள் குப்பை மாதிரி தெரிவதால் விட்டுவிடுவார்கள். பதிவேடே அங்கேதான் இருக்கிறது! இமேஜ் எடுக்கும்போது வட்டு முழுவதையும் தேர்ந்தெடுங்கள்.

நீலத் திரை வந்து 'உங்கள் கணினியைப் பழுதுபார்க்க வேண்டும்' என்றால், பதிவேடு இருக்கிறது, முகவரிதான் தவறு. பிசிடி என்ற தொடக்கத் தரவில் பழைய வட்டின் அடையாளம் எழுதப்பட்டிருக்கும். முதலில் தானியங்கிப் பழுதுபார்ப்பை ஓட்டிப் பாருங்கள். அது தோற்றால் 'பிசிடிபூட்' என்ற கட்டளை விண்டோஸ் கோப்புறையைப் பார்த்து அந்தக் குட்டிப் பாகத்தில் புதிய பதிவேட்டை எழுதிவிடும். பல காணொளிகள் 'பூட்ரெக்' கட்டளையையே சொல்கின்றன. புதிய முறைக் கணினிகளில் அதன் ஒரு பகுதி 'அனுமதி இல்லை' என்று அடிக்கடி முகத்தில் அடிக்கும். பிசிடிபூட் எனக்கு நம்பகமாகப் படுகிறது.

கட்டளைகளின் சரியான எழுத்துகளை மைக்ரோசாஃப்ட் உதவிப் பக்கத்தில் பார்த்தே அடியுங்கள். இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. பழுதுபார்க்கும் திரையில் உங்கள் விண்டோஸ் 'சி' என்ற எழுத்தில் இல்லாமல் 'டி' என்றோ 'ஈ' என்றோ இருக்கலாம், உள்ளே பார்த்து உறுதிசெய்த பிறகு அடியுங்கள். 'டிஸ்க்பார்ட்' என்ற கருவியில் 'கிளீன்' என்று ஒரு சொல் உண்டு. சுத்தம் செய்வதுபோல் கேட்கும், ஆனால் வட்டின் பாகப் பட்டியலையே துடைத்துவிடும். இயங்கலையில் யாரோ சொன்னார்கள் என்று அதை அடிக்காதீர்கள்.

விண்டோஸ் சின்னம் தெரிந்து, புள்ளிகள் சுற்றி, அதன்பிறகு 'இன்அக்சஸிபில் பூட் டிவைஸ்' என்று நின்றால் காவலர் விட்டுவிட்டார், வீட்டுப் பூட்டுக்குத்தான் சாவி இல்லை. அதாவது புதிய கணினியின் வட்டோடு பேசும் டிரைவர் பழைய விண்டோஸிடம் தயாராக இல்லை. இன்டெல் சில்லு உள்ள புது மடிக்கணினிகள் பலவற்றில் 'விஎம்டி' அல்லது 'ரெய்டு' என்ற அமைப்பு பயோஸில் இயங்கும் நிலையில் வருகிறது. அதை 'ஏஎச்சிஐ' நிலைக்கு மாற்றி அல்லது விஎம்டியை அணைத்து, ஒருமுறை சேஃப் மோடில் திறந்தால் பல கணினிகள் எழுந்துவிடும். வேறு வகைக் கணினிக்கு மாற்றும்போது தேவையான டிரைவரைச் செருகித் தரும் வசதி மேக்ரியத்தில் 'ரீடிப்ளாய்' என்றும் அக்ரோனிஸில் 'யுனிவர்சல் ரிஸ்டோர்' என்றும் இருக்கிறது. அக்காவின் கணினி முறை மாற்றத்துக்குப் பிறகு இந்த இரண்டாவது வாசலிலும் நின்றது. விஎம்டியை அணைத்து சேஃப் மோடில் ஒருமுறை திறந்த பிறகே கட்டணக் கணக்கு மென்பொருள் ஓடியது. அந்த மென்பொருளின் நிறுவல் வட்டு தொலைந்துபோனதால்தான் இவ்வளவு பாடுபட்டோம். இல்லையென்றால் புதுக் கணினியில் பழைய விண்டோஸை ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. உரிமமும் பெரும்பாலும் பழைய கணினியோடு கட்டுண்டது. கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வந்த விண்டோஸ் 11-ஐயே பயன்படுத்துவது நல்லது.

பயோஸில் எதையும் மாற்றும் முன் பிட்லாக்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இது பூட்டுக்கு மேல் பூட்டு. பல மடிக்கணினிகளில் நமக்குத் தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். தாய்ப்பலகையில் உள்ள டிபிஎம் சில்லு ஏதோ மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட்டால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தியிருந்தால் அந்த எண் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கைப்பேசியில் கணக்கைத் திறந்து பார்க்கலாம். எண் எங்குமே இல்லை என்றால் கடைக்காரர் மட்டுமல்ல, மைக்ரோசாஃப்டும் திறந்து தர முடியாது. இன்றே அந்த எண்ணைத் தாளில் அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த இமேஜில் தரவு பூட்டில்லாமல் இருக்கும். அதை ஏற்றிய பிறகு பிட்லாக்கரை மறுபடி நீங்களே இயக்க வேண்டும். இமேஜ் வைத்திருக்கும் வெளிவட்டையும் கண்ட இடத்தில் போட்டுவிடக் கூடாது.

வேறு சில சின்னத் தொல்லைகள். பழைய வட்டும் புது வட்டும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே அடையாளம். இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்த வாத்தியார்போல் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஒதுக்கிவிடும். முதல்முறை தொடக்கும்போது புதியது மட்டும் இருக்கட்டும். சில யூஎஸ்பி பெட்டிகள் 512 பைட் வட்டை 4,096 பைட் வட்டாகக் காட்டும். அந்தப் பெட்டிக்குள் வைத்து இமேஜை ஏற்றிவிட்டு, வட்டை உள்ளே நேரடியாகப் பொருத்தினால் எதுவும் தெரியாது. பொருத்திய பிறகு ஏற்றுவதே சரி. லினக்ஸ் பயன்படுத்தும் இளையோருக்கு: பாகங்களின் யூயூஐடி மாறியிருக்கிறதா என்று 'எஃப்எஸ்டேப்' கோப்பில் பாருங்கள், பிறகு கிரப்பை மறுபடி நிறுவுங்கள்.

இமேஜ் நல்லதா என்று தெரிந்துகொள்ள, எடுத்த அன்றே சரிபார்க்கும் வசதியை ஓட்டுங்கள். மீட்புப் பென்டிரைவை ஒருமுறை செருகி, அதில் கணினி தொடங்குகிறதா, உங்கள் வெளிவட்டு அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. எங்கள் கூடத்தில் இதைச் சனிக்கிழமை மதியம், நேரலை இல்லாத நேரத்தில் செய்வார்கள்.

இவ்வளவும் பார்த்து முடியாமல் கடைக்குக் கொண்டுபோவதானால் வெட்கப்பட ஒன்றுமில்லை. லோ யாட் பிளாசாவிலும் சிம் லிம் சதுக்கத்திலும் நம் பக்கத்துத் தாமானிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திரையின் படத்தைக் காட்டுங்கள். எந்த மென்பொருளில் இமேஜ் எடுத்தீர்கள், பழைய கணினி எந்த ஆண்டுடையது என்று சொல்லுங்கள். 'ஃபார்மேட் செய்யக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பழைய வட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.